ஜெர்மனியில் ஒரு வருடம், இன்னொருவர் வீட்டுப் பிள்ளையாக: எக்ஸ்சேஞ்ச் போகிறவர்களுக்கு

எக்ஸ்சேஞ்ச் மாணவராக ஜெர்மனி போவது உறுதியாகிவிட்டது, உங்களைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளப்போகிற ஹோஸ்ட் குடும்பத்தின் போட்டோவும் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது என்றால் உங்கள் வீட்டில் இப்போது என்ன பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்று ஓரளவு தெரியும். அம்மா ஊறுகாய் கணக்குப் போடுவார், அப்பா ஸ்வெட்டர் விலை பார்ப்பார், சித்தி ஃபோன் போட்டு "அடுத்தவங்க வீடு, யாருக்கும் தொந்தரவு கொடுக்காம இரு" என்பார். மூன்றில் சித்தி சொல்வதுதான் உண்மையிலேயே கெடுதல். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று எதையும் கேட்காமல், பசித்தாலும் சொல்லாமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறவரை வைத்துக்கொண்டுதான் ஹோஸ்ட் குடும்பங்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கின்றன. போகிற வருடம் நன்றாகப் போவதும் போகாததும் பெரும்பாலும் இந்தக் கூச்சத்தை எவ்வளவு சீக்கிரம் கழற்றி வைக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

அந்தக் குடும்பம் யார் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஏஎஃப்எஸ், ஒய்எஃப்யூ, ரோட்டரி மாதிரி அமைப்புகள் வழியாகப் போனால் ஹோஸ்ட் குடும்பம் உங்களிடம் வாடகையோ சாப்பாட்டுக் காசோ வாங்குவதில்லை. ஆசைப்பட்டுத்தான் ஒரு வெளிநாட்டுப் பிள்ளையை வீட்டுக்குள் விடுகிறார்கள். இந்த வழக்கம் வளர்ந்ததே போர்களின் பின்னால்தான். ஏஎஃப்எஸ் முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிப்போன ஆம்புலன்ஸ் தொண்டர்களின் அமைப்பு, பள்ளி மாணவர் பரிமாற்றத்தை 1947-ல்தான் தொடங்கியது. ஒய்எஃப்யூ 1951-ல் ஜெர்மன் டீனேஜர்களைக் கூட்டிப்போய் அமெரிக்காவின் மிச்சிகனில் குடும்பங்களோடு தங்கவைத்ததில் ஆரம்பித்தது. ஆக நீங்கள் அங்கே பேயிங் கெஸ்ட்டும் இல்லை, விருந்தாளியும் இல்லை. முதல் வாரம் விருந்தாளி மாதிரி நடத்துவார்கள், இரண்டாவது வாரம் பாத்திரங்கழுவும் மெஷினைக் காலி செய்யச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் சந்தோஷப்படுங்கள், வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 90 நாளுக்கு மேல் தங்குவதற்கு ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் டூரிஸ்ட் விசா போதாது, ஜெர்மனி தருகிற நீண்ட காலத் தேசிய விசா வேண்டும். 18 வயது ஆகவில்லை என்றால் அப்பா அம்மா இருவரின் சம்மதமும் எழுத்தில் தேவை, அதனால் ஆகஸ்டில் பயணம் என்றால் மே மாதத்திலேயே காகிதங்களைத் தேட ஆரம்பியுங்கள். படிப்பு விஷயத்தில் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு போவதுதான் என் கணக்கில் நல்லது. அங்கே கிடைக்கும் ரிப்போர்ட் கார்டை வைத்து இங்கே ஒரு வகுப்பைத் தாண்டலாம் என்று எதிர்பார்க்காமல், திரும்பி வந்து பதினொன்றில் சேர வேண்டியிருக்கும் என்றே திட்டம் போடுங்கள். பள்ளியில் முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு நடுவில் போய்விட்டு வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மொழிக்கு, சென்னையில் இருப்பவர்களுக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் சொல்கிற கோத்தே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. ஏ1 என்கிற ஆரம்ப நிலையை முடித்துவிட்டுப் போனால்கூட முதல் மாதத்தின் பாதி பயம் போய்விடும்.

பெட்டி விஷயம். இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் கொண்டுபோகத் தடை இருக்கிறது, அதனால் நெய் டப்பாவும் பால்கோவாவும் வேண்டாம். கறிவேப்பிலை உட்பட பச்சை இலை, காய், பழம் எதற்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் விலக்கு இருக்கிற சொற்ப ஐட்டங்களில் வாழைப்பழமும் தேங்காயும் உண்டு, ஆனால் யார் தேங்காயைத் தூக்கிக்கொண்டு போவது. இட்லிப் பொடி, சாம்பார் பொடி, ரசப் பொடி, கடுகு, பெருங்காயம், கடலை மிட்டாய் போதும். குளிர் ஜாக்கெட்டை இங்கே வாங்காதீர்கள். இங்கே கிடைப்பது பெரும்பாலும் ஊட்டிக்கு ஏற்றது, மைனஸ் பத்துக்குத் தாங்காது. அங்கே போய் ஹோஸ்ட் அம்மாவோடு செகண்ட் ஹேண்ட் கடையில் வாங்கினால் காசும் மிச்சம், இருவருக்கும் ஒரு மதியம் சேர்ந்து சுற்றின மாதிரியும் ஆகும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லமாட்டார்கள். ஸ்வஸ்திகா போட்ட எதையும் கொண்டுபோகாதீர்கள். பெட்டியில் ஒட்டிய பூஜை ஸ்டிக்கர், சாமி படத்தின் ஓரம், நோட்டின் முதல் பக்கம் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது அங்கே கிரிமினல் குற்றம். நம்முடையது வேறு, சமயச் சின்னம் என்று விளக்கலாம்தான், ஆனால் பள்ளிக்கூட வராந்தாவில் அரைகுறை ஜெர்மனில் அதை விளக்கும் நிலைமை எதற்கு. ஹிட்லரைப் பற்றி ஜோக் அடிப்பதும் அப்படியே. வகுப்பில் கை தூக்கும்போது அவர்கள் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துவார்கள், விரிந்த உள்ளங்கையோடு கையை நீட்டுவது அந்தப் பழைய சல்யூட் மாதிரி தெரியும். முதல் நாளே ஒற்றை விரலுக்குப் பழகிவிடுங்கள்.

சரி, வீட்டுக்குள் வருவோம். முதல் இரவே ஒரு சிக்கல் வரும். நம் ஊரில் யாராவது "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றால் "ஐயோ போதும்" என்போம், அவர்கள் மறுபடி கேட்பார்கள், நாம் மறுபடி மறுப்போம், மூன்றாவது தடவை தட்டில் விழுந்துவிடும். அங்கே "நைன், டாங்கெ" என்று ஒரு தடவை சொன்னால் கிண்ணம் அடுத்த ஆளிடம் போய்விடும், திரும்பி வராது. அன்பில்லாமல் இல்லை, நீங்கள் சொன்னதை நம்புகிறார்கள், அவ்வளவுதான். பசித்தால் "யா, கெர்னெ" என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அதேபோல் நம் தலையாட்டலை நிறுத்துங்கள். பக்கவாட்டில் ஆட்டுவது நமக்குச் சரி, அவர்களுக்கு அது இல்லை என்பதா தெரியவில்லை என்பதா என்றே புரியாது. வாயால் சொல்லுங்கள்.

கூப்பிடுவது எப்படி என்று பலருக்கும் தவிப்பு. அம்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும், "டு" என்று ஒருமையில் பேசவும் நமக்கு நாக்கு வராது. அவர்களோ முதல் நாளே பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். ஆன்ட்டி அங்கிள் என்று ஆரம்பிக்காதீர்கள், விசித்திரமாகப் பார்ப்பார்கள். பெயர்தான். ஆனால் அதே தெருவின் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடமும் ஆசிரியரிடமும் "ஸீ" என்ற மரியாதைச் சொல்லும், குடும்பப் பெயரும்.

ராத்திரி சாப்பாடு பல வீடுகளில் சமைத்ததாக இருக்காது. மாலை ஆறரைக்கு மேசையில் ஒரு கூடையில் வெட்டின கருப்பு ரொட்டி, வெண்ணெய், நாலு வகைச் சீஸ், தொத்திறைச்சித் துண்டுகள், ஊறவைத்த குட்டி வெள்ளரி, தக்காளி, ஆளுக்கொரு சின்ன மரப்பலகை, ஒரு கத்தி. அவ்வளவுதான் டின்னர். முதல் வாரம் இது ஸ்நாக்ஸ், சாப்பாடு பிறகு வரும் என்று காத்திருந்து பட்டினியாகப் படுத்தவர்கள் உண்டு. எல்லோரும் உட்கார்ந்து "கூட்டன் அப்பெடிட்" (நன்றாகச் சாப்பிடுங்கள்) சொன்ன பிறகுதான் முதல் வாய். நீங்கள் சைவம் என்றால் விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுங்கள், அங்கே சைவம் சாப்பிடுகிறவர்கள் இப்போது நிறைய, யாரும் வித்தியாசமாக நினைக்கமாட்டார்கள். ஆனால் மறைந்திருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உருளைக்கிழங்கு சாலட்டில் பன்றி இறைச்சித் துணுக்கு இருக்கும், பசைமாதிரி இழுக்கிற, கரடி வடிவ கம்மி மிட்டாயில் இறைச்சிக் கழிவிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கும். ஒரு வேடிக்கை: சாப்பாட்டு மேசையிலேயே அவர்கள் டிஷ்யூவை எடுத்துப் பெருஞ்சத்தத்தோடு மூக்கைச் சிந்துவார்கள், நமக்குக் குமட்டும். ஆனால் நாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குக் குமட்டும். சிந்திவிடுங்கள்.

குளியலறையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் சண்டை அங்கேதான் வரும். நம் பாத்ரூம் தரையில் தண்ணீர் போக வழி இருக்கும், அங்கே பல வீடுகளில் இருக்காது. ஷவர் கண்ணாடிக்கு வெளியே ஒரு சொட்டு விழுந்தாலும் அது தரையில் தேங்கி நிற்கும், கீழ் வீட்டு மேற்கூரையில் கறையாகப் போய்ச் சேரும். பக்கெட், மக் கிடையாது. டாய்லெட் பேப்பர்தான், அதற்கு ஒரு காலி பாட்டிலை வைத்து நம் ஆட்கள் செய்கிற ஏற்பாடு எல்லோருக்கும் தெரியும், தரை ஈரமாகாதவரை யாரும் கேட்கமாட்டார்கள். குளித்து முடித்ததும் சுவரில் தொங்குகிற ரப்பர் வைப்பரால் கண்ணாடியை மேலிருந்து கீழாக இழுத்துத் துடைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு வர வேண்டும். குளியல் ஐந்து நிமிடம், சுடுதண்ணீர் அங்கே காசு. பையன்களுக்கு: உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், சில வீடுகளில் படம் போட்டே ஒட்டியிருப்பார்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுக்கிறவர்கள் தலையணை மேல் விரிக்கப் பழைய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜன்னல் திறப்பது அவர்களுக்குச் சமயச் சடங்கு மாதிரி. வெளியே பனி கொட்டினாலும் ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து பத்து நிமிடம் வைப்பார்கள். காரணம் இருக்கிறது: குளிர்காலத்தில் மூடிய வீட்டில் நம் மூச்சும் குளியலும் விடுகிற ஈரம் சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். உங்கள் அறையிலும் தினமும் செய்யுங்கள். ஹீட்டர் ஓட ஓட ஜன்னலைப் பாதி திறந்து வைப்பது மட்டும் பெருங்குற்றம்.

குப்பைக்கு நாலு தொட்டி இருக்கும். பேக்கிங் பிளாஸ்டிக்குக்கு மஞ்சள், காகிதத்துக்கு நீலம், காய்கறிக் கழிவுக்குப் பழுப்பு, மிச்சத்துக்குக் கருப்பு என்பது பொதுவான கணக்கு, ஊருக்கு ஊர் நிறம் கொஞ்சம் மாறும். தயிர் டப்பாவின் மூடியைப் பிரித்துத் தனியாகப் போடுவதை எல்லாம் பார்த்துச் சிரிக்காதீர்கள், கூடவே நின்று கற்றுக்கொள்ளுங்கள். காலி பாட்டிலைத் தூக்கி எறியவே கூடாது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் வாங்கும்போதே 25 சென்ட் டெபாசிட் பிடித்திருப்பார்கள். சூப்பர் மார்க்கெட் வாசலில் சுவரில் வட்ட ஓட்டை வைத்த மெஷின் இருக்கும், பாட்டிலை நசுக்காமல் அடிப்பக்கம் முன்னால் போகிற மாதிரி ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினால் அது சுழற்றிப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொள்ளும், பச்சைப் பொத்தானை அமுக்கினால் ரசீது வரும், அதைப் பில் போடும் இடத்தில் கொடுத்தால் காசு. இந்த வேலையை நீங்களே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் போய் வருகிற சின்ன வேலை, வீட்டில் உங்களுக்கென்று ஒரு பொறுப்பும் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வேண்டியதை வாங்கிவிடுங்கள். ஞாயிறும், தினமும் இரவு பத்துக்கு மேலும் சத்தம் கூடாது, வீடியோ காலில் அம்மாவிடம் நம் வால்யூமில் பேசுவதும் சத்தம்தான்.

சமைத்துக் கொடுக்க ஆசை வரும், செய்யுங்கள், ஆனால் முதல் தடவையே சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், பாயசம் என்று இறங்காதீர்கள். உருளைக்கிழங்கு பொடிமாஸ், எலுமிச்சை சாதம் போதும். உருளைக்கிழங்கு அவர்கள் ஊர் பண்டம், மஞ்சளும் கடுகும் சேர்ந்த உடனே வேறு ஏதோ ஆகிவிடுவதைப் பார்த்து அசந்துபோவார்கள். மிளகாயைக் கிள்ளிப்போடாமல் முழுசாகப் போட்டுப் பிறகு எடுத்துவிடுங்கள். தாளிக்கும் முன் புகைபோக்கி ஃபேனைப் போட்டு, அடுப்படி ஜன்னலைத் திறந்து, உள்ளே போகிற கதவைச் சாத்துங்கள். அங்கே வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி சட்டப்படி கட்டாயம், படுக்கையறைகளுக்கும் நடைக்கும் ஒவ்வொன்று இருக்கும், காய்ந்த எண்ணெயில் வரமிளகாய் விழுந்த புகைக்குக் காது கிழிகிற மாதிரி அலறும்.

பள்ளியில் மதிப்பெண் தலைகீழ்: 1 தான் முதல்தரம், 6 ஃபெயில். வாயைத் திறந்து வகுப்பில் பேசுவதற்கே கணிசமான மதிப்பெண் உண்டு, அமைதியாக உட்கார்ந்து எழுத்துத் தேர்வில் பிடித்துவிடலாம் என்கிற நம் பாணி எடுபடாது. தப்புத் தப்பாக ஆனாலும் பேசுங்கள். பெரிய தடை என்னவென்றால் கூடப் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், உங்களோடு ஆங்கிலம் பேசிப் பழக ஆசையும் படுவார்கள், அந்த வசதியில் விழுந்தால் ஜூலையில் திரும்பும்போதும் ரொட்டிக்கடையில் விரலைக் காட்டித்தான் வாங்குவீர்கள். ஹோஸ்ட் குடும்பத்திடம் ஒரு தேதி பேசிவிடுங்கள், அக்டோபர் 1 முதல் வீட்டில் ஜெர்மன் மட்டும் என்று. முதல் மூன்று வாரம் உயிர் போகும், பிறகு ஒரு நாள் மேசையில் அடித்த ஜோக்குக்குத் தானாகச் சிரித்துவிடுவீர்கள்.

நண்பர்கள் பள்ளியில் கிடைப்பதைவிட ஊர்க் கிளப்புகளில்தான் கிடைப்பார்கள். பல பள்ளிகள் மதியத்தோடு முடிந்துவிடும், அதற்கப்புறம் பிள்ளைகள் கால்பந்து, ஹேண்ட்பால், பேண்டு வாத்தியம், சின்ன ஊர்களில் இளைஞர் தீயணைப்புப் படை என்று "ஃபெரைன்" எதிலாவது இருப்பார்கள். செப்டம்பரிலேயே ஒன்றில் சேர்ந்துவிடுங்கள், திறமை தேவையில்லை. ஹோஸ்ட் அண்ணன் தங்கையின் நண்பர் கூட்டத்திலேயே ஒட்டிக்கொண்டு அலையாதீர்கள், அவர்களுக்கு அது சீக்கிரம் சலித்துவிடும், சொல்லவும் சங்கடப்படுவார்கள். பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள், அபசகுனம் என்பார்கள். உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுபோக வேண்டியது நீங்கள்தான்.

பீரும் ஒயினும் அங்கே 16 வயதில் சட்டப்படி வாங்கலாம். ஆனால் உங்கள் அமைப்பின் விதி வேறாக இருக்கலாம். ரோட்டரியில் குடி, வண்டி ஓட்டுவது, போதைப்பொருள், காதல் என்று நாலையும் தொடாதே என்பது பழைய விதி, மீறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதே இல்லை, ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்து ஒன்று கொடுப்பார்கள், நன்றாகவே இருக்கும்.

வீட்டு ஞாபகம் நவம்பரில் வரும், ஆகஸ்டில் அல்ல. டிசம்பரில் நாலு, நாலரைக்கே இருட்டிவிடும், காலையில் பள்ளிக்குப் போகும்போதும் இருட்டு. அந்த மாதங்களில் தினமும் ராத்திரி அம்மாவிடம் பேசினால் ஆறுதலாக இருக்கும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. உங்கள் உடம்பு அங்கே, மனசு முழுக்க இங்கே, அழுது முடித்து அறையைவிட்டு வெளியே வந்தால் ஹோஸ்ட் வீட்டார் விளையாட்டை முடித்துப் படுக்கப் போயிருப்பார்கள். வாரம் ஒரு கால் போதும், ஞாயிறு மதியம் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நாலரை, அதனால் குளிர்காலத்தில் அங்கே ராத்திரி ஒன்பதுக்கு நீங்கள் கூப்பிட்டால் அம்மா ஒன்றரை மணிக்கு விழித்திருக்க வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை சாப்பிட்டதா என்று ஹோஸ்ட் அம்மாவுக்குத் தினமும் மெசேஜ் அனுப்பாதீர்கள், அவர் சமையலைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும். இருட்டுக் காலத்தில் நல்லதும் உண்டு. செயின்ட் நிக்கோலஸ் நாளுக்காக டிசம்பர் 5 ராத்திரி பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்தால் 6 காலை உள்ளே மிட்டாய் இருக்கும். உங்கள் பூட்ஸையும் வையுங்கள், பதினாறு வயது என்று கூச்சப்படாதீர்கள்.

குறை சொல்வார்கள், நேரடியாக. "நேற்று லைட்டை அணைக்கவில்லை" என்று முகத்துக்கு நேரே வரும், அத்தோடு முடிந்துவிடும், மனதில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். நீங்களும் அப்படியே சொல்லலாம்: அறை குளிர்கிறது, இந்தச் சீஸ் பிடிக்கவில்லை, இன்று தனியாக இருக்க வேண்டும். ஏதாவது உடைந்தால் மறைக்காதீர்கள், அடுத்தவர் பொருளுக்கு நீங்கள் செய்த சேதத்தை ஈடுகட்டப் பொறுப்புக் காப்பீடு என்று ஒன்று பெரும்பாலும் திட்டத்திலேயே சேர்ந்திருக்கும். காய்ச்சல் என்றால் டாக்டர் ஊசி போடமாட்டார், மூலிகை டீ குடித்து மூன்று நாள் படுத்திரு என்பார். பயப்படாதீர்கள், அங்கே வைத்தியம் அப்படித்தான்.

ஆனால் சில சமயம் நிஜமாகவே ஒத்துப்போகாது. குடும்பத்துக்குள் சண்டை, உங்களைப் பிள்ளை பார்க்கிற ஆயாவாக நடத்துவது, யாராவது தொடுகிற விதம் பிடிக்காமல் இருப்பது, எதுவானாலும் உங்கள் ஊருக்கென்று நியமித்திருக்கும் பொறுப்பாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். குடும்பம் மாறுவது எல்லா வருடமும் நடக்கிற விஷயம், அதில் அவமானம் எதுவும் கிடையாது. பொறுப்பாளர் அலட்சியம் செய்தால் அவருக்கு மேலே இருக்கிற அலுவலகத்துக்கு எழுதுங்கள். பிள்ளைகள் பேசுவதற்கென்றே இலவச எண் 116 111 இருக்கிறது, பெயர் சொல்லத் தேவையில்லை. அவசரம் என்றால் ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கு 112, போலீஸுக்கு 110. மூன்றையும் ஃபோனில் போட்டுவிட்டுக் காகிதத்திலும் எழுதி பர்ஸில் வையுங்கள்.

போய்ச் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய ஹோஸ்ட் பெற்றோர் கூட்டிப்போவார்கள், அங்கே கொடுக்கிற காகிதத்தைத் தொலைக்காதீர்கள், வங்கிக் கணக்கிலிருந்து தங்கும் அனுமதிவரை எல்லாவற்றுக்கும் அதைக் கேட்பார்கள். திரும்பும்போது அதே அலுவலகத்தில் பதிவை நீக்கி, வங்கிக் கணக்கை மூடி, புத்தகங்களைத் தபாலில் அனுப்பிவிடுங்கள். கடைசி வாரம் பெட்டியில் இடம் இருக்காது, சாக்லேட் வாங்கிவரச் சொல்லி சித்தி ஏற்கெனவே லிஸ்ட் அனுப்பியிருப்பார்.